தெஹ்ரான் சுவரொட்டிகளும் நம் காவடி நோட்டீசுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானின் இளைய வரைகலைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இப்படியொரு பொருளுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. கட்டுரை அவர்கள் வாங்கிய பரிசுகளைப் பற்றியும் வண்ணங்களைப் பற்றியும் நிறையச் சொன்னது. அவர்களுடைய கச்சாப்பொருள் எழுத்து என்பதை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. அச்சிலும் எழுத்து வரைவிலும் அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் அந்த ஒரு வரியை விரித்து எழுத விரும்புகிறோம். தைப்பூசக் காவடி நோட்டீசுகள் அச்சுக்குப் போகும் காலம் நெருங்குகிறது. மொரீஷியஸ் கோயில் சங்கங்களுக்கும் அச்சகங்களுக்கும் இது உடனே பயன்படும் என்று நம்புகிறோம்.

ஈரானில் இந்தக் கலை நேற்று முளைத்ததல்ல. தெஹ்ரான் பல்கலைக்கழகத்திலும் பிறகு பாரிஸிலும் படித்துத் திரும்பிய முர்தஸா மொமய்யெஸ் (1935–2005) புத்தக அட்டை, இதழ், சுவரொட்டி, நிறுவனச் சின்னம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியரும் அவரே. 'கானூன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிறுவர், இளையோர் அறிவு வளர்ச்சி நிறுவனம் 1965-இல் தொடங்கி ஓவியர்களுக்கு வேலை கொடுத்தது. அங்கே படம் வரைந்த ஃபர்ஷீத் மெஸ்காலிக்கு 1974-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. அதன்பின் 1979 புரட்சி, 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் போர். 1997-இல் வரைகலைஞர் சங்கம் அமைந்தது. 2003-இல் பாரசீகம், ஆங்கிலம் இரண்டிலும் 'நெஷான்' இதழ் வரத் தொடங்கியது. புரட்சியை ஒட்டிப் பிறந்து, போர்க்காலத்தில் பள்ளிக்குப் போனவர்கள்தான் கட்டுரை சொல்லும் இளைய தலைமுறை. இன்று அவர்களுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் படித்தவர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள்.

இவர்கள் ஏன் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அச்சு வரலாற்றில் இருக்கிறது. பாரசீகக் கவிதைக்கு உரிய நஸ்தலீக் எழுத்து கிடைக்கோட்டில் உட்காராது. ஒவ்வொரு சொல்லும் வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் சரிந்து இறங்கும். பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஏற்ப ஒரே எழுத்து பல வடிவம் எடுக்கும். இதை ஈய அச்சாக வார்ப்பது பெரும்பாடு. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ஈரானியர் கல்லச்சை விரும்பினார்கள்: எழுத்தாசான் கையால் எழுதியதை அப்படியே கல்லிலிருந்து அச்சிட்டார்கள். அச்சு வந்த பிறகும் கை ஓயவில்லை. நம் கதை நேர்மாறு. 1578-இல் கொல்லத்திலேயே தமிழ் எழுத்து அச்சில் ஏறிவிட்டது. தனித்தனியாக நிற்கும் நம் எழுத்துகள் அச்சுக்கு இசைந்தவை. அந்த வசதியே எழுதும் கையை மெல்ல மெல்ல வேலையிலிருந்து விலக்கியது என்பது எங்கள் கருத்து.

நஸ்தலீக் பயிற்சியில் ஓர் அளவுகோல் உண்டு. நாணல் பேனாவின் நுனியைத் தாளில் அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அலகு. அலெஃப் என்ற முதல் எழுத்தின் உயரம் மூன்று புள்ளி. பேனா பெரிதானால் புள்ளியும் பெரிதாகும், விகிதம் மாறாது. மாணவன் ஒரே தாளில் எழுதியதன் மேலேயே எழுதி எழுதித் தாள் கறுத்துப்போகும். அதற்குச் 'சியா மஷ்க்', கரும்பயிற்சி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் மிர்ஸா கொலாம்ரெஸா இஸ்ஃபஹானி போன்ற ஆசான்கள் கையில் பயிற்சித் தாளே கலைப்படைப்பானது. இன்றைய தெஹ்ரான் சுவரொட்டிகளில் எழுத்தின் மேல் எழுத்து ஏறி, சொல்லே ஓவியமாக நிற்பதைப் பார்க்கும்போது இந்தக் கறுத்த தாளை நினைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நெரிசலிலும் அங்கே புள்ளிக் கணக்கு தவறுவதில்லை.

பழைய தலைமுறைக்கும் புதிய தலைமுறைக்கும் நடுவில் பாலமாக நின்றவர் ரெஸா அபெதீனி. 1967-இல் பிறந்த அவருக்கு 2006-இல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருதுகளில் முதன்மை விருது கிடைத்தது. மனித உருவின் நிழல்வடிவத்துக்குள் பாரசீக வரிகளைப் பொடிப்பொடியாக நிரப்பி, உடலையே பக்கமாக ஆக்கிக் காட்டினார். அவருக்குப் பின் வந்த மெஹ்தி சயீதியின் கையில் எழுத்தின் வளைவுகள் பறவைகளாகின. ஹோமா தெல்வராய் எழுத்துக்குச் சுவர்போலக் கனம் கொடுத்து, பழைய ஓடுகளின் பூவேலையையும் கண்ணைப் பறிக்கும் நிறங்களையும் அதன்மேல் ஏற்றினார். ஷஹ்ர்ஸாத் சங்கல்வாயி எழுத்தைப் பொருளாகச் செய்து ஒளிப்படம் எடுத்தார். ஆரியா கசாயியும் பெய்மான் பூர்ஹொசைனும் நடத்திய 'கார்கா' கூடம் கண்காட்சிகளுக்கும் நாடகங்களுக்கும் வேலை செய்தது. இவர்களில் பெண்கள் பலர் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை. 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்தபின் எழுந்த போராட்டத்தில் 'பெண், வாழ்வு, விடுதலை' என்ற முழக்கத்தை நூற்றுக்கணக்கான கைகள் வரைந்து, யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டன. பெயர் போடாமல் வெளியிட்டவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களுடைய வேலைச் சூழலும் எளிதானதல்ல. ஈரானிய வங்கிகள் உலகப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பதால், அங்கிருந்து அட்டையைத் தேய்த்து ஓர் எழுத்துருவைக்கூட வாங்க முடியாது. கணினியில் வேறு சிக்கல்களும் இருந்தன. பாரசீக 'யே', 'காஃப்' எழுத்துகளுக்கும் அரபு வடிவங்களுக்கும் தனித்தனிக் குறியெண். மாற்றி அடித்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. சொல்லுக்குள் எழுத்துகளை ஒட்டாமல் நிறுத்துவதற்கு 'நீம் ஃபாஸெலெ' என்ற அரை இடைவெளி வேண்டும். அதற்குப் பதில் முழு இடைவெளி போட்டால் வரி முடிவில் சொல் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும். இந்தத் தொல்லைகளை உத்தேசித்துச் சபெர் ரஸ்திகெர்தார் என்பவர் 'வஸீர்' என்ற எழுத்துருவைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். 'தெஜாவு' என்ற திறந்த எழுத்துருவின் மேல் கட்டத் தொடங்கி, ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்டார். 2023-இல் அவர் மறைந்தார். இன்று பாரசீக இணையத்தில் எங்கே பார்த்தாலும் அந்த எழுத்து. பரிசு வாங்கிய எந்தச் சுவரொட்டியையும்விட இதுவே பெரிய கொடை என்று நாங்கள் நினைக்கிறோம்.

அவர்களிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். வெளிநாட்டுப் போட்டிகளுக்கென்றே சில படிகள் மட்டும் அச்சிட்டு, தெருவுக்கே வராத சுவரொட்டிகள் உண்டு. பாரசீகம் படிக்கத் தெரியாத நடுவர்கள் வடிவ அழகைப் பார்த்து மதிப்பெண் போட, பாரசீகம் தெரிந்தவர் நாடகத்தின் தேதி என்ன என்று தேடிக்கொண்டிருப்பார். படிக்க முடியாத சுவரொட்டி பாதி வேலைதான். நம் இளைஞர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது நம் தீவுக்கு வருவோம். 1998-இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் என்ற பழைய வரிசையில் 1999-இல் மறுபடி அச்சாகின. எழுத்தின் இடத்துக்காக அவ்வளவு உறுதியாக நின்ற சமூகம் நாம். அதே எழுத்து கோயில் நோட்டீசில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதைந்து வரும்போது ஏன் பேசாமல் இருக்கிறோம்? பிழை எங்கே நேர்கிறது என்று தெரிந்தால் திருத்துவது கடினமில்லை.

முதல் பிழை கணினியிலேயே நிகழ்கிறது. இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் போன்ற மென்பொருள்கள் நிறுவியவுடன் ஐரோப்பிய மொழிகளுக்கான வரி அமைப்பில்தான் இருக்கும். அதில் 'கொடி' என்று ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்து விருப்பத்தேர்வுகளில் இந்திய மொழி அமைப்பைத் திறந்து, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான வரி அமைப்பியைத் தேர்ந்தால் சரியாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள். சங்கச் செயலாளர் வீட்டுக் கணினியில் தமிழாகத் தெரிவது, அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியலாகிவிடும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். மாற்றிய பின் ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும். 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஔ' மூன்றும் மாற்றும்போது அடிக்கடி கெடும். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துகளைக் கோட்டுருவாக்கி (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி), திருத்தக்கூடிய மூலக்கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுருவாக்கிய பிறகும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

இடத்தை நிரப்புவதற்காக எழுத்தை அகலவாக்கில் இழுப்பது நாம் அதிகம் காணும் குற்றம். இழுத்தால் செங்குத்துக் கோடுகள் தடிக்கும், கிடைக்கோடுகள் அப்படியே மெலிந்து நிற்கும். எழுத்து வீங்கியதுபோல ஆகும். பாரசீகத்தில் வரியை நிரப்ப 'கஷீதே' என்ற முறை உண்டு. எழுத்து முழுவதையும் அகலமாக்காமல், இணைக்கும் கோட்டையோ எழுத்தின் நீளத்தக்க ஒரு கோட்டையோ மட்டும் நீட்டுவார்கள். அதிலும் எல்லா எழுத்தையும் நீட்ட முடியாது. ஒரு சொல்லில் ஒன்றுக்கு மேல் நீட்டுவதை ஆசான்கள் தவிர்ப்பார்கள். நம் எழுத்தில் இணைப்புக் கோடு இல்லை, ஆனால் நீளத்தக்க இடங்கள் இருக்கின்றன: 'ழ'வின் அடிக்கோடு, 'கு', 'மு' போன்றவற்றின் அடிச்சுழிப்பு, 'ரி', 'தீ' போன்றவற்றின் மேல்வளைவு, 'ஐ'யின் வால். இழுக்கத்தான் வேண்டுமென்றால் அங்கே இழுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டுவதும் ஆபத்து. 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் பிரிந்துவிடும். இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். வரிக்கு வரி உள்ள இடைவெளி எழுத்தளவில் 140 விழுக்காடு இருக்கட்டும். மென்பொருள் தானாகக் கொடுக்கும் 120-இல் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து பக்திக்கு மட்டுமல்ல, அச்சுக்கும் உகந்தது. அச்சில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தனித் தகடு. சிவப்பு என்பது மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மையும் மஞ்சளும் முழுதாகச் சேர்ந்தது. மஞ்சள் எழுத்துக்கு மஞ்சள் தகட்டில் எந்த ஓட்டையும் வேண்டாம். மெஜந்தா தகட்டில் மட்டும் எழுத்து வெட்டப்படும். தகடு கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை எழுத்து என்றால் இரண்டு தகட்டிலும் ஒரே இடத்தில் வெட்டு விழ வேண்டும்; சற்று நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி விளிம்பு தெரியும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பில் பொடி வெள்ளை எழுத்து போட்டால் 'ண', 'ஞ', 'இ' மூன்றின் சுழிகளும் அடைத்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். பின்னணி கறுப்பாக இருந்தே தீர வேண்டுமென்றால் வெள்ளை எழுத்து விழும் பகுதியில் கறுப்பு மை ஒன்றை மட்டும் விடுங்கள். எழுத்தளவில் 9 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே போகாதீர்கள். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் விடுவதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறோம்.

தலைப்புச் சொல்லைக் கையால் வரைவதுதான் ஈரானியரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அவர்களுடைய வடிவத்தை எடுக்கக் கூடாது. தமிழை அரபு எழுத்துபோல வளைத்து ஒட்டினால் அது இரண்டு எழுத்துக்கும் அவமரியாதை. எடுக்க வேண்டியது அளவுமுறை. 'வேல்' என்ற சொல்லையே பாருங்கள். 5 மில்லிமீட்டர் தட்டை நுனிப் பேனா, ஏ3 தாள், கறுப்பு மை போதும். நுனியை அழுத்திக் கிடைக்கும் புள்ளியை அலகாகக் கொண்டு எழுத்துடலுக்கு ஐந்து புள்ளி உயரம் வைத்தால், மூலைக்கு மூலை அளக்கும்போது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் வரும். இரட்டைக் கொம்பின் மேல்சுழிக்குள் குறைந்தது ஒரு புள்ளி வெள்ளை தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் அச்சில் அடைத்து ஒற்றைக் கொம்புபோலத் தெரியும், 'வேல்' 'வெல்' ஆகிவிடும். கொம்புக்கும் 'வ'வுக்கும் நடுவே அரைப் புள்ளி இடம், 'வ'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவே ஒன்றரைப் புள்ளி. அப்போதுதான் கொம்பு யாருடையது என்று கண் குழம்பாது. 'ல'வின் வலப்பக்கக் கோட்டை மேலே உயர்த்தி இலைவடிவ வேல்முனையாக முடிக்க ஆசை வரும். செய்யலாம். ஆனால் அந்த முனையே மெய்ப்புள்ளிக்கும் போதும் என்று நினைத்துப் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். சொல் 'வேல' என்று நின்றுவிடுகிறது. புள்ளியை எழுத்துடலுக்கு மேல் ஒரு புள்ளி இடம் விட்டு, சாய்சதுரமாகவே தனியே வையுங்கள்.

இருபது முறையாவது எழுதுங்கள். மூன்றைத் தேர்ந்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கோட்டுருவாக மாற்றுங்கள். தானியங்கி மாற்றம் ஒரு வளைவுக்குப் பத்துப் பன்னிரண்டு முனைகளைக் கொட்டிவிடும். வளைவின் உச்சிகளில் மட்டும் முனை இருக்கும்படி குறைத்தால்தான் கோடு நடுங்காது. நிறம் சேர்ப்பது கடைசியில். கறுப்பிலேயே நிற்காத எழுத்தை எந்த நிறமும் தூக்கி நிறுத்தாது. 'காரணம்' போன்ற சொற்களில் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல ஆகிவிடாமல் 'ர'வின் அடிச்சாய்வை விட்டுவைக்க வேண்டும். அலங்கார எழுத்துகளில் முதலில் பலியாவது அதுதான். முடித்ததும் ஏ4 தாளில் அச்சிட்டு ஐந்து மீட்டர் தள்ளி ஒட்டி, பள்ளியில் தமிழ் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் திருத்துங்கள்.

கையால் வரைய நேரமில்லாதவர்களுக்குத் திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தடித்த தலைப்புக்குப் பாலூ தம்பி; தேதி, நேரம், உபயதாரர் பட்டியலுக்கு முக்தா மலர்; நீண்ட வாசிப்புக்குத் திரோ தமிழ். கத்தமரன் என்ற எழுத்துருவில் ஒன்பது கனங்கள் உண்டு. பிரெஞ்சும் கிரியோலும் தமிழும் ஒரே தாளில் வரும் நம் நோட்டீசுகளுக்கு அது வசதி, ரோமன் எழுத்தும் அதே குடும்பத்தில் இருப்பதால். கனத்தைக் கூட்ட வேண்டுமென்றால் அந்தக் கனத்தைத் தேர்ந்தெடுங்கள்; எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிப்பாக்க வேண்டாம்.

மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்த் துறையும் இருக்கிறது, நுண்கலைப் பள்ளியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வாரம் இரண்டு மணி நேரம் தமிழ் எழுத்து வரைவுப் பயிற்சி நடத்தினால் கருவிச் செலவு என்று பெரிதாக எதுவும் ஆகாது. பேனா, மை, தாள்கட்டு, ஒரு ஸ்கேனர். தமிழாசிரியர் பிழை பார்ப்பார், ஓவிய ஆசிரியர் வடிவம் பார்ப்பார். 1978-இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய 'லை', 'னை', 'ணா' வடிவங்கள் பழைய கல்வெட்டுகளிலும் அழைப்பிதழ்களிலும் உண்டு. மாணவர்கள் முதல் வேலையாக அவற்றை ஒளிப்படம் எடுத்துச் சேர்க்கலாம். வெள்ளையடிப்பிலும் புதுப்பிப்பிலும் அவை அழிந்து வருகின்றன.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டுக் காவடிச் சிறப்பிதழின் தலைப்பைக் கணினி எழுத்துருவில் போடாமல், இங்குள்ள இளைஞர் ஒருவரிடம் கையால் வரையக் கொடுங்கள். செய்தித்தாள் மை ஊறிப் பரவும் என்பதால் மிக மெல்லிய கோட்டையும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். ஒரே நிறம், கறுப்பு போதும். வரைந்தவர் பெயரைத் தலைப்பின் அடியில் 7 புள்ளி எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சு, எழுத்து வரைகலைத் தொழிலிலுள்ள வாசகர்கள்
ரோஸ் ஹில், மொரீஷியஸ்